ஸ்கூல் பஸ் நின்று போன கதை

ரொம்ப நாளாகிவிட்டது எழுதி. வருஷக் கடைசிக் கணக்கு, ஆடிட் என்று பிராஞ்சில் அமளி. அதெல்லாம் அடங்கி இப்போதுதான் மூச்சு விட நேரம் கிடைத்தது. பல நாளாக மனசில் உருண்டுகொண்டிருந்த ஒரு விஷயத்தை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்தருள்க :-)

2022 ஏப்ரல். கொரோனாவுக்குப் பிறகு தில்லியில் பள்ளிகள் முழுசாகத் திறந்த சமயம். மகள் அப்போது இரண்டாம் வகுப்பு. பள்ளியிலிருந்து போனுக்கு ஒரு செய்தி வந்தது. இந்த வருடம் உங்கள் பகுதிக்கு பஸ் கிடையாது, பெற்றோர்கள் தாங்களே ஏற்பாடு செய்துகொள்ளவும். இரண்டே வரி.

அந்த இரண்டு வரிக்கு எங்கள் வீடு கொடுத்த விலை, தங்கமணியின் வேலை. நொய்டாவில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் நான் கொண்டுபோய் விட்டுவிடலாம். ஆனால் மதியம் இரண்டு மணிக்கு யார் போய் நிற்பது? நான் பிராஞ்சில் கேஷ் கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பேன். ஊரில் இருந்தால் பாட்டியோ சித்தியோ போவார்கள். இங்கே யார் இருக்கிறார்கள்? மூன்று மாதம் தள்ளாடிப் பார்த்தோம். ஜூலையில் ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டார்.

அப்போதிருந்து எனக்கு ஒரு கேள்வி. தலைநகரம், மெட்ரோ, மேம்பாலம் என்று எல்லாம் இருக்கிற ஊரில் ஒரு குழந்தையைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோக ஒரு பஸ் ஏன் இல்லாமல் போனது? படித்தும், பழைய ஆட்களைக் கேட்டும் தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

நடந்து போன காலம்

எங்கள் கீழ் வீட்டு மாமா மத்திய அரசு ஊழியராக இருந்து ஓய்வு பெற்றவர். 1968-ல் தில்லி வந்து ராமகிருஷ்ணபுரம் குவார்ட்டர்ஸில் குடியேறியவர். "ஸ்கூல் பஸ்ஸா? என் பசங்க மூணு பேரும் நடந்துதான் போனாங்க சார். பக்கத்து செக்டார்லதான் ஸ்கூல். மணி அடிக்கிறது வீட்டுக்கே கேக்கும்" என்றார்.

அது அவருடைய அதிர்ஷ்டம் இல்லை, அன்றைய தில்லி கட்டப்பட்ட விதம். அரசு ஊழியர்களுக்குக் குடியிருப்பு கட்டும்போதே பள்ளிக்கூடம், மார்க்கெட், டிஸ்பென்சரி எல்லாம் பக்கத்திலேயே வைத்தார்கள். நம் தமிழ்ப் பள்ளிகளின் கதையும் இதுதான். 1923-ல் 'மதராசி எஜுகேஷன் அசோசியேஷன்' என்று தொடங்கியதுதான் இன்றைய தில்லித் தமிழ்க் கல்விக் கழகம். அரசாங்கம் கோடைக்கு சிம்லா போனால் ஊழியர்களும் குடும்பத்தோடு போவார்கள், கூடவே பள்ளியும் போகும். பள்ளிக்கூடம் குழந்தைகளைத் தேடிப் போன காலம் அது! பிறகு வளர்ந்து மந்திர் மார்க், லோதி எஸ்டேட், பூசா ரோடு, லக்ஷ்மிபாய் நகர், மோதி பாக், ராமகிருஷ்ணபுரம், ஜனக்புரி என்று ஏழு பள்ளிகள் வந்தன. இந்தப் பெயர்களைக் கவனியுங்கள். அந்நாளில் தமிழ்க் குடும்பங்கள் எங்கெங்கே குடியிருந்தன என்பதற்கு அதுவே ஒரு வரைபடம்.

1964 முதல் 1966 வரை வேலை செய்த கோத்தாரி கமிஷன், அருகாமைப் பள்ளி என்ற கருத்தை நாடு முழுவதற்கும் சிபாரிசு செய்தது. ஏழை பணக்காரன் வித்தியாசம் இல்லாமல் ஒரு பகுதியின் குழந்தைகள் எல்லாரும் அந்தப் பகுதிப் பள்ளியிலேயே படிக்க வேண்டும் என்பது. சமத்துவத்துக்காகச் சொன்னார்கள். நடந்திருந்தால் போக்குவரத்துக்கும் சேர்த்து மருந்தாக இருந்திருக்கும். நடக்கவில்லை.

ஊர் நகர்ந்தது, பள்ளி நகரவில்லை

1980-களுக்குப் பிறகு தில்லி நாலாபக்கமும் நீண்டது. யமுனைக்கு அந்தப் பக்கம் மயூர் விஹார், பட்பர்கஞ்ச். வடமேற்கே ரோகிணி. தென்மேற்கே துவாரகா. ரிட்டயர் ஆனவர்களும், குவார்ட்டர்ஸ் கிடைக்காதவர்களும், நம்மைப் போல மாற்றலில் வந்தவர்களும் சொசைட்டி ஃப்ளாட் வாங்கிக் குடிபோனார்கள். பெயர் பெற்ற பள்ளிகளில் நிறைய பழைய இடத்திலேயே இருந்தன. தமிழ் படிக்க வேண்டும் என்று நினைக்கிற குடும்பத்துக்கு இன்னும் சிரமம். ஏழு பள்ளியுமே ஆற்றுக்கு இந்தப் பக்கம், குடியிருப்பது அந்தப் பக்கம்.

இந்த இடைவெளியில்தான் பஸ் வருகிறது. தில்லியின் அரசு பஸ் 1948-ல் 'டெல்லி டிரான்ஸ்போர்ட் சர்வீஸ்' என்று ஆரம்பித்தது. 1958-ல் மாநகராட்சிக்குக் கீழே போய், 1971-ல் டி.டி.சி. ஆனது. டி.டி.சி. பள்ளிகளுக்கு வாடகைக்கு பஸ் விட்டது. அது போதாதபோது தனியார் சார்ட்டர்ட் பஸ்கள் வந்தன.

இந்த சார்ட்டர்ட் பஸ் தொழிலில் ஒரு அழகான கணக்கு உண்டு. விடிகாலையில் பள்ளிக் குழந்தைகள். அவர்களை இறக்கிவிட்டு அதே பஸ் ஆபீஸ் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும். மதியம் திரும்பவும் பள்ளி, சாயங்காலம் ஆபீஸ். ஒரே பஸ், ஒரே டிரைவர், நாலு டிரிப் வருமானம். அதனால்தான் பஸ் கட்டணம் சம்பளக்காரர் தாங்குகிற அளவில் இருந்தது. அவசரமும் அதனால்தான் இருந்தது. முதல் டிரிப் தாமதமானால் அடுத்த டிரிப் போச்சு.

1997 நவம்பர் 18

அன்று காலை லட்லோ காசில் பள்ளிக் குழந்தைகளை அளவுக்கு மீறி ஏற்றிக்கொண்டு வந்த பஸ், வஜீராபாத் பாலத்திலிருந்து யமுனையில் விழுந்தது. 28 குழந்தைகள் இறந்தார்கள்.

நான் அப்போது ஊரில் இருந்தேன். பேப்பரில் படித்து உச்சுக் கொட்டியதோடு சரி. இன்று அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் வயிற்றைப் பிசைகிறது.

உச்ச நீதிமன்றம் சும்மா இருக்கவில்லை. எம்.சி. மேத்தா வழக்கில் அந்த நவம்பரிலும் டிசம்பரிலும் அடுத்தடுத்து உத்தரவுகள் போட்டது. நம் குழந்தைகள் ஏறுகிற பஸ்ஸில் இன்று நாம் பார்க்கிற பல விஷயங்கள் அங்கிருந்து வந்தவை. முன்னும் பின்னும் 'ஸ்கூல் பஸ்' என்ற எழுத்து, வாடகை பஸ்ஸாக இருந்தால் 'பள்ளிப் பணியில்' என்ற போர்டு, ஜன்னலில் படுக்கைவாட்டுக் கம்பி, முதலுதவிப் பெட்டி, தீயணைப்புக் கருவி, நல்ல பூட்டுள்ள கதவு, பள்ளியின் பெயரும் போன் நம்பரும், கூட வரும் உதவியாளர், 40 கிலோமீட்டருக்கு மேல் போகாதபடி வேகக் கட்டுப்பாடு, அனுபவமுள்ள டிரைவர்.

எல்லாமே தேவையான விதிகள், சந்தேகமே இல்லை. அந்தப் பழைய பாலத்துக்குப் பக்கத்தில் புதுப் பாலம் வேண்டும் என்ற பேச்சும் அந்த விபத்துக்குப் பிறகுதான் எழுந்தது. அதுதான் இன்றைய சிக்னேச்சர் பிரிட்ஜ். திறந்தது 2018 நவம்பரில். நடுவில் 21 வருடம்.

நம்ம ஊரிலும் இதே கதைதான். 2012 ஜூலையில் தாம்பரம் பக்கத்தில் ஸ்கூல் பஸ் தரையில் இருந்த ஓட்டை வழியாக ஒரு இரண்டாம் வகுப்புக் குழந்தை விழுந்து இறந்தாள். அதன் பிறகுதான் தமிழ்நாட்டில் பள்ளிப் பேருந்துகளுக்கென்று தனி விதிகள் வந்தன. தில்லிக்கு 1997, நமக்கு 2012.

விதி பஸ்ஸுக்கு, குழந்தை வேனில்

ஒவ்வொரு விதிக்கும் ஒரு செலவு உண்டு. உதவியாளருக்குச் சம்பளம், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, குறைந்த தலைகள். அந்தச் செலவை யார் ஏற்பது என்று சொல்லப்படவில்லை. பள்ளி பஸ்காரரிடம் தள்ளியது, பஸ்காரர் பெற்றோரிடம் தள்ளினார்.

அடுத்து சி.என்.ஜி. 2001 மார்ச் 31-க்குள் நகரத்தின் பஸ்கள் எல்லாம் சி.என்.ஜி.க்கு மாற வேண்டும் என்பது 1998-லேயே வந்த உத்தரவு. அரசும் பஸ்காரர்களும் கடைசி நிமிடம் வரை தூங்கியதில் அந்த ஏப்ரலில் ஊரே பஸ் இல்லாமல் தவித்தது. புகை குறைந்தது, நல்லதுதான். ஆனால் பழைய டீசல் பஸ்ஸை வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருந்த சிறிய முதலாளிகள் பலருக்குப் புது பஸ் வாங்குகிற சக்தி இல்லை.

பஸ் கட்டணம் கட்டுப்படியாகாத குடும்பம் என்ன செய்யும்? வேன் பிடிக்கும். ஆம்னி வேனைப் பார்த்திருப்பீர்கள். பின்னால் சி.என்.ஜி. சிலிண்டர், அதன்மேல் ஒரு பலகை, பலகைமேல் நாலைந்து வாண்டுகள், கூரைமேல் மூட்டையாகப் புத்தகப் பைகள். படுக்கைக் கம்பியும் கிடையாது, உதவியாளரும் கிடையாது. 2007-ல் தில்லி அரசு ஸ்கூல் கேப் என்று ஒரு திட்டம் கொண்டுவந்து வேன்களையும் விதிக்குள் கொண்டுவரப் பார்த்தது. பதிவு செய்தவர்கள் செய்தார்கள், மற்றவர்கள் பழையபடி ஓட்டினார்கள். 2018 ஏப்ரலில் கேசவ்புரத்தில் குழந்தைகளை அடைத்துக்கொண்டு போன ஒரு வேன் பால் டேங்கரோடு மோதி ஒரு சிறுமி இறந்தாள்.

பஸ்ஸைப் பத்திரமாக ஆக்கினோம், ஆனால் குழந்தை பஸ்ஸில் இருப்பதை உறுதி செய்யவில்லை. வேனுக்குப் பயந்தவர்கள் கார் வாங்கினார்கள். நானும்தான். வண்டிக் கடன் கொடுக்கிற மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து சொல்கிறேன், இரண்டாவது கார் வாங்க வருகிற பலர் சொல்கிற காரணம், "குழந்தையை ஸ்கூலில் விட".

பள்ளியை மூடினால் டிராபிக் குறையும்

இந்த வரலாற்றில் எனக்கு ரொம்ப விசித்திரமாகப் பட்டது ஒன்று. ஸ்கூல் டிராபிக் என்றால் என்ன என்று அரசாங்கத்துக்கு நன்றாகத் தெரியும்.

2010 அக்டோபரில் காமன்வெல்த் விளையாட்டு. தில்லிப் பள்ளிகளுக்கு லீவு. 2023 செப்டம்பரில் ஜி-20 மாநாடு. அப்போதும் லீவு.

2016 ஜனவரி 1 முதல் 15 வரை ஒற்றை-இரட்டை எண் திட்டம். அப்போதும் பள்ளிகளுக்கு லீவு விட்டார்கள், ஸ்கூல் பஸ்களைக் கேட்டு வாங்கிப் பொதுப் போக்குவரத்துக்கு விட்டார்கள். ரோடு காலியாக இருந்தது. நான்கூட நொய்டா மோரிலிருந்து கன்னாட் பிளேஸ் போனதே தெரியாமல் போனேன். அதே திட்டம் ஏப்ரல் 15-ல் திரும்ப வந்தபோது பள்ளிகள் திறந்திருந்தன. பஸ்ஸும் கிடைக்கவில்லை. யூனிஃபார்ம் போட்ட குழந்தை உள்ளே இருந்தால் காருக்கு விலக்கு என்று அறிவித்தார்கள். குழந்தையை இறக்கிவிட்டுக் காலி காராகத் திரும்பி வருகிறவர் என்ன செய்வார்? நம் பெற்றோர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். முதல் தடவை மாதிரி ரோடு காலியாக இல்லை.

இரண்டு தடவையையும் சேர்த்துப் பார்த்தால் பாடம் தெளிவாக இருக்கிறது. ஒற்றை எண்ணா இரட்டை எண்ணா என்பதோடு, குழந்தைகள் எதில் போகிறார்கள் என்பதும் ரோட்டைத் தீர்மானிக்கிறது. அந்தப் பாடத்தை வைத்து யாரும் நிரந்தரமாக ஒன்றும் செய்யவில்லை.

அருகாமைப் பள்ளியை வேறு வழியில் கொண்டுவர ஒரு முயற்சி நடந்தது. 2013 டிசம்பரில் துணைநிலை ஆளுநர் நஜீப் ஜங் நர்சரி சேர்க்கைக்கு நூற்றுக்கு 70 மதிப்பெண் அருகில் இருப்பவர்களுக்கு என்று விதி போட்டார். ஆனால் அருகாமை என்பதன் எல்லை 8 கிலோமீட்டர்! மூன்று வயதுக் குழந்தை நடக்கிற தூரமா அது? அதையும் பள்ளிகள் எதிர்த்து வழக்குப் போட்டு, 2014 நவம்பரில் உயர் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது.

கடைசி அடி

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. சின்னக் குழந்தைகளுக்குக் கிட்டத்தட்ட இரண்டு வருடம் வகுப்பறையே கிடையாது. பஸ்கள் எங்கே போகும்?

என்னிடம் ஒரு வாடிக்கையாளர் இருந்தார். மூன்று ஸ்கூல் பஸ், மூன்றுக்கும் லோன். ரிசர்வ் பேங்க் அந்த மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணை கட்டுவதைத் தள்ளிப்போட அனுமதித்தது. அதுவரை சமாளித்தார். அதன்பிறகும் பள்ளி திறக்கவில்லை. ஓடாத பஸ்ஸுக்கும் வட்டி ஓடும், இன்ஷ்யூரன்ஸ் உண்டு, ஃபிட்னஸ் சர்டிபிகேட் உண்டு. ஒரு நாள் வந்து, "சாப், இரண்டை விற்றுவிட்டேன். மூன்றாவதை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சாவியை மேஜைமேல் வைத்தார். லோன் கணக்கில் அது ஒரு வராக்கடன். 2022-ல் எனக்குப் பள்ளியிலிருந்து அந்த இரண்டு வரிச் செய்தி வந்தபோதுதான், அந்தச் சாவிக்கு வேறு அர்த்தமும் இருந்தது புரிந்தது.

அதே 2022-ல் டி.டி.சி.யும் பள்ளிகளுக்குக் கொடுத்துவந்த பஸ்களைத் திரும்ப எடுத்துக்கொண்டது. பொதுமக்களுக்கே பஸ் போதவில்லை என்ற நிலை. ஒரு பக்கம் தனியார் பஸ் விற்றுப்போனது, மறுபக்கம் அரசு பஸ்ஸும் போனது.

ஒரு சின்னக் கணக்கு

பி.காம். படித்தவன், கணக்கில்லாமல் முடிப்பேனா :-)

40 குழந்தைகள் போகிற ஒரு பஸ் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அண்ணன் தங்கை, பக்கத்து வீடு என்று சேர்ந்து போகிறவர்களைக் கழித்தாலும் 30 வண்டியாவது கிளம்பும். காலையில் போக, வர. மதியம் போக, வர. ஒரு நாளைக்கு 120 ஓட்டம். அதில் பாதி ஓட்டத்தில் வண்டியில் குழந்தையே இருக்காது. ஒரு காருக்கு ஐந்து மீட்டர் என்றால் பள்ளி வாசலில் 150 மீட்டர் வரிசை. இது ஒரே ஒரு பஸ்ஸுக்கு.

இப்போது வீட்டுக் கணக்கு. தங்கமணிக்குக் காலையும் மதியமும் சேர்த்து இரண்டு மணி நேரம் இதிலேயே போகிறது. கல்வி உரிமைச் சட்டத்தின்படி ஐந்தாம் வகுப்பு வரை வருடத்துக்கு 200 வேலை நாள். ஆக 400 மணி நேரம். எட்டு மணி நேர வேலை நாளாகப் பார்த்தால் 50 நாள். வருடத்தில் 50 நாள் சம்பளமில்லாத டிரைவர் வேலை. அந்த இரண்டு மணி நேரம் நடுப்பகலில் வருவதால் விட்டுக்கொடுக்க வேண்டிவந்தது முழு வேலையையும்.

இரட்டைப் பதிவு முறையில் ஒரு விதி உண்டு. ஒரு கணக்கில் பற்று எழுதினால் இன்னொரு கணக்கில் அதை வரவு எழுதியே ஆக வேண்டும். ஸ்கூல் பஸ்ஸின் செலவு பள்ளிக் கணக்கிலிருந்து போனது, டி.டி.சி. கணக்கிலிருந்து போனது, அரசாங்கக் கணக்கில் எப்போதும் இருந்ததே இல்லை. தொலைந்துவிடவில்லை. என் வீட்டிலும் உங்கள் வீட்டிலும் அம்மாக்களின் பேரில் ஏறியிருக்கிறது. மீதி, ரிங் ரோட்டில் நிற்கிற எல்லார் பேரிலும்.

ஒன்றும் செய்ய முடியாதா? ஸ்கூல் பஸ்ஸையும் பொதுப் போக்குவரத்தாகப் பார்த்தால் முடியும். மெட்ரோவுக்குக் கொடுக்கிற பணத்தை யாரும் தண்டச் செலவு என்று சொல்வதில்லையே. ஒரே பகுதியிலிருந்து நாலு பள்ளிக்குப் போகிற குழந்தைகளுக்குச் சேர்த்து ஒரு பஸ் விடலாம். பள்ளி நேரங்களை அரை மணி முன்பின்னாக வைத்தால், அந்தப் பழைய சார்ட்டர்ட் பஸ் மாதிரி ஒரே பஸ் இரண்டு டிரிப் அடிக்கலாம். அவசரப்படாமல், விதிப்படி. இதையெல்லாம் ஒரு பள்ளியோ ஒரு அப்பாவோ தனியாகச் செய்ய முடியாது. பல பள்ளிகளை ஒன்றாக உட்கார வைக்கிற அதிகாரம் அரசாங்கத்திடம்தான் இருக்கிறது. மாநாட்டுக்கு ஒரே நாளில் எல்லாப் பள்ளியையும் மூடத் தெரிந்தவர்களுக்கு இது கஷ்டமா என்ன?

போன வாரம் எங்கள் சொசைட்டியில் ஏழு குடும்பங்கள் உட்கார்ந்து பேசினோம். ஒரே பள்ளிக்குப் போகிற ஒன்பது குழந்தைகள். ஒரு மினி பஸ்காரர் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். உதவியாளர் வேண்டும், ஜன்னலுக்குக் கம்பி வேண்டும் என்று நாங்கள் கேட்டதும் ரேட்டை ஏற்றினார். "சரி, குடுக்கலாம்" என்று முதலில் சொன்னது தங்கமணிதான். இன்னும் பேரம் படியவில்லை.

நேற்று ராத்திரி மகள் கேட்டாள். "பஸ் வந்துட்டா அம்மா மறுபடி ஆபீஸ் போவாளாப்பா?"

தங்கமணி பதில் சொல்லவில்லை. பழைய ரெஸ்யூமே எந்த பென் டிரைவில் இருக்கிறது என்று என்னைக் கேட்டார். தேடிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் ஊரில் எப்படி? மும்பை, பெங்களூர், புனே மக்கள் சொல்லுங்கள். முக்கியமாக, சேர்ந்து பஸ் வைத்து ஜெயித்தவர்கள் யாராவது இருந்தால் விவரமாக எழுதுங்கள். எங்கள் ஏழு வீட்டுக்கும் உபயோகப்படும்.